மதிலுக்குள் ஒரு திராட்சத்தோட்டம்



சென்ற மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நான் குருமனைக்குத் திரும்பியபோது, முன்னறையில் இருவர் காத்திருந்தனர். ஒருவர் பிரான்சு தேசத்தில் டிஜோன் என்னும் நகரத்தில் பணிபுரிகிற நம் சபையின் இளைஞர்; திடப்படுத்தல் வகுப்பில் என்னிடம் பயின்ற பிள்ளை. மற்றவர் நம் சபையைச் சேர்ந்த ஓர் அம்மா. விதவைகள் உதவித்தொகை விண்ணப்பத்தில் என் கையொப்பம் வேண்டி வந்திருந்தார். அவருடைய கணவரை ஏழு ஆண்டுகளுக்கு முன் நான்தான் அடக்கம்பண்ணினேன். குடியினால் ஈரல் கெட்டு, நாற்பத்துமூன்றாம் வயதில் போனவர் அவர்.

அந்த இளைஞர் தம் பையிலிருந்து காகிதம் சுற்றிய ஒரு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். "ஐயா, இது சாதாரணச் சரக்கு இல்லை. பர்கண்டி ஒயின். துறவிகள் உண்டாக்கின தோட்டங்கள் இருக்கிற ஊர். போதகருக்குக் கொடுக்கிற மாதிரி ஒரு பாட்டில் உண்டுன்னா அது இதுதான்" என்றார் சிரித்துக்கொண்டே. அந்த அம்மா பாட்டிலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். விண்ணப்பத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "நான் அப்புறம் வாறேன் ஐயா" என்று சொல்லி எழுந்துவிட்டார்.

இந்த வாரம் அந்தப் பாட்டிலைப் பற்றித்தான் எழுதுகிறேன். மூன்று வாரமாக அதைக் குறித்து வாசித்தேன். வாசித்தபின் எனக்குள் உண்டான அபிப்பிராயத்தை உங்கள்முன் வைக்கிறேன். இசையாதவர்கள் எனக்கு எழுதலாம்.

நம் சபைகளில் இக்காரியத்தைக் குறித்து இரண்டு குரல்களைக் கேட்கிறேன். திராட்சமது என்ற பேச்சே பாவம், அதைக் காய்ச்சிய துறவிகள் வழிதப்பியவர்கள் என்பது ஒரு குரல். (மது என்றவுடன் காய்ச்சுவதுதான் நம் நினைவுக்கு வருகிறது. திராட்சமது காய்ச்சப்படுவதில்லை, பிழிந்த சாறு தானாகவே நொதிக்கிறது.) உயர்ந்த ஒயின் ஒரு கலை, ஒரு பண்பாடு, அதை நம் ஊர்க் குடியோடு சேர்த்துப் பேசுவது அறியாமை என்பது மற்றொரு குரல், இது பெரும்பாலும் கடல்கடந்து வாழும் நம் பிள்ளைகளின் குரல். முதற் குரலுக்குச் சபைச் சரித்திரம் தெரியவில்லை என்று நினைக்கிறேன். இரண்டாவது குரலோ அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

சரித்திரத்திலிருந்து தொடங்குவோம். டிஜோன் நகரத்துக்குத் தெற்கே ஐம்பது, அறுபது கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு தாழ்ந்த மலைச்சரிவு நீண்டு கிடக்கிறது. கோத் தோர் என்று பெயர். சுண்ணாம்புக்கல் நிறைந்த மண். சிவப்பு ஒயினுக்குப் பினோ நுவார், வெள்ளை ஒயினுக்கு ஷார்டொனே, பெரும்பாலும் இவ்விரண்டு திராட்சை இனங்களே அங்கே பயிராகின்றன. அச்சரிவை அந்நாட்டார் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எல்லையும் பெயரும் கொடுத்திருக்கிறார்கள். ஒரு துண்டுக்குக் 'க்ளிமா' என்று பெயர். 1,247 க்ளிமாக்கள் அடங்கிய அந்த நிலப்பரப்பை 2015-ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இரண்டு துண்டுகளுக்கு இடையே ஒரு வண்டிப்பாதைதான் இருக்கும். ஆனால் பாதைக்கு இந்தப் பக்கத்து ஒயினைவிட அந்தப் பக்கத்து ஒயினின் விலை பலமடங்கு உயர்ந்திருக்கும். நம் ஊரில் ஒரே ஆற்றுப் பாசனத்தில் இந்த வயல் நெல்லுக்கு ஒரு ருசி, அந்த வயல் நெல்லுக்கு ஒரு ருசி என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் அதைச் சொல்லோடு விடாமல், நூற்றாண்டுக் கணக்கில் கவனித்து, எழுதி, எல்லைக்கல் நாட்டிவிட்டார்கள்.

அப்படிக் கவனித்தவர்களில் முதன்மையானவர்கள் துறவிகள். ரோமர் காலந்தொட்டே அங்கே திராட்சை உண்டு. துறவிகள் அதைக் கண்டுபிடித்தவர்கள் அல்லர். துறவிகள் மண்ணை வாயிலிட்டுச் சுவைத்து நிலத்தைத் தெரிந்துகொண்டார்கள் என்று சொல்வதும் சுற்றுலாக்காரருக்கான கதையே. நடந்தது அதைவிட எளிமையானது. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே நிலம் பாகப்பிரிவினைக்கு உள்ளாகவில்லை. ஒருவர் மரித்தால் மற்றொருவர் அதே வயலில் அதே மண்வெட்டியை எடுத்தார். முந்நூறு, நானூறு ஆண்டுகள் ஒரே குடும்பம்போல ஒரே மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த மண் தன்னைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

1098-ஆம் ஆண்டு, மொலெம் மடத்தின் தலைவராயிருந்த ரொபேர் என்பவர் ஏறத்தாழ இருபது பேரோடு புறப்பட்டு, சீத்தோ என்னும் சதுப்புநிலக் காட்டில் குடியேறினார். அக்காலத்து மடங்கள், விசேஷமாக அதே பர்கண்டியிலிருந்த க்ளூனி மடம், செல்வத்தில் மிதந்தன. பெனடிக்டு எழுதிவைத்த ஒழுங்கை எழுத்தின்படி கைக்கொள்ள வேண்டும், தசமபாகமும் குத்தகையும் வாங்காமல் தங்கள் கைகளின் பிரயாசத்தினால் பிழைக்க வேண்டும் என்பது இவர்கள் தீர்மானம். சீத்தோவின் பெயரால் இவர்கள் சிஸ்டெர்சியன் துறவிகள் எனப்பட்டார்கள். பதினைந்து ஆண்டுகள் கழித்து டிஜோன் பக்கத்து இளைஞர் ஒருவர் உறவினரும் நண்பருமாக முப்பது பேரை அழைத்துக்கொண்டு வந்து அதில் சேர்ந்தார். அவர்தான் பெர்னார்டு. அவர் பெயரால் வழங்கும் ஞானப்பாட்டுகளைத் தமிழில் நாமும் பாடுகிறோம். இறையியல் கல்லூரியில் அவருடைய ஆண்டுகளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். அவர் வாழ்ந்த தேசத்தில் மண்வெட்டியும் திராட்சைக்கொடியும் இருந்ததை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

பெனடிக்டின் ஒழுங்கில் ஒயினைப் பற்றியே ஓர் அதிகாரம் உண்டு. அவர் பேசுவது வேடிக்கையாகவும் உண்மையாகவும் இருக்கும். ஒயின் துறவிக்கு ஏற்றதே அல்ல என்கிறார். ஆனால் இக்காலத்துத் துறவிகளை அதற்குச் சம்மதிக்கச் செய்ய முடியவில்லையாதலால், ஒரு சிறு அளவோடு நிறுத்திக்கொள்ளட்டும் என்கிறார். சபையை நடத்தின ஒருவரால்தான் இப்படி எழுத முடியும்.

சிஸ்டெர்சியர் வூஜோ என்னுமிடத்தில் துண்டு துண்டாகக் கிடைத்த நிலங்களை ஒன்றுசேர்த்து, ஏறத்தாழ 50 ஹெக்டேர், அதாவது 120 ஏக்கருக்குச் சற்று அதிகமான ஒரே தோட்டமாக்கி, சுற்றிலும் கல்மதில் எழுப்பினார்கள். க்ளோ த வூஜோ என்று பெயர். 'க்ளோ' என்றால் மதில் சூழ்ந்த தோட்டம். ஏசாயா தீர்க்கதரிசியின் ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நேசர் தம் திராட்சத்தோட்டத்தை வேலியடைக்கிறார், கற்களைப் பொறுக்கிப்போடுகிறார், நற்குலக் கொடியை நடுகிறார், ஆலையை உண்டுபண்ணுகிறார். அத்தனையும் வூஜோவில் இருக்கிறது. பர்கண்டிச் சரிவுகளில் உழும்போதெல்லாம் மேலே வருகிற கற்களை ஓரத்தில் குவித்துக் குவித்தே மதில்களும் கற்குவியல்களும் உண்டாயின. துறவிகள் பயன்படுத்திய பிரமாண்டமான மரச்செக்குகள் இன்றும் அங்கே பார்வைக்கு உள்ளன. பெருமழையில் சரிவின் அடிக்கு அடித்துச் செல்லப்பட்ட மண்ணைக் கூடையில் சுமந்து மறுபடியும் மேலே கொண்டுபோய்க் கொட்டுவது அந்நாட்டுத் தோட்டக்காரரின் குளிர்கால வேலைகளில் ஒன்றாயிருந்தது. யோசித்துப் பாருங்கள்: மழை ஒரு மணி நேரத்தில் இறக்கியதை மனிதன் மாதக்கணக்கில் ஏற்றுகிறான். அடுத்த ஆண்டும் மழை பெய்யும்.

சனவரி, பிப்ரவரி மாதக் குளிரில் கொடிகளைக் கிளைநறுக்குகிறார்கள். சக்கரம் பூட்டிய தகர உருளையைத் தள்ளிக்கொண்டே போய், நறுக்கின கிளைகளை அதிலேயே எரித்து, அந்தச் சூட்டில் விரல்களைக் காய்ச்சிக்கொண்டு அடுத்த செடிக்குப் போகிறார்கள். ஒரு ஹெக்டேரில் ஏறத்தாழ 10,000 செடிகள். ஒவ்வொன்றையும் ஒரு மனிதன் குனிந்து பார்த்தாக வேண்டும். உயர்தர நிலங்களில் இரண்டு மூன்று செடிகள் சேர்ந்தே ஓர் ஆண்டில் ஒரு பாட்டில் கொடுக்கின்றன. யோவான் பதினைந்தாம் அதிகாரத்தை முப்பது ஆண்டுகளாகப் பிரசங்கித்து வருகிறேன். நறுக்குகிறவரின் விரல்கள் குளிரில் மரத்துப்போகும் என்று ஒருமுறையும் நினைத்ததில்லை.

இதுவரை துறவிகளைப் புகழ்ந்தேன். இனி சொல்லப்போவது கசப்பானது.

வறுமையைத் தெரிந்துகொண்டு காட்டுக்குப் போனவர்கள் இருநூறு ஆண்டுகளுக்குள் பெரும் நிலச்சுவான்தார்கள் ஆனார்கள். அவர்கள் சோம்பியிருந்ததால் அல்ல, உண்மையாய் உழைத்ததால். நன்றாக உழைத்தார்கள், தங்களுக்கென்று செலவழிக்கவில்லை, ஆகவே சேர்ந்தது. சேர்ந்ததை ஆண்டவருக்கென்று எண்ணிப் பிரபுக்கள் மேலும் கொடுத்தார்கள்; அதுவும் சேர்ந்தது. தொடக்கத்தில் தள்ளிவிட்ட தசமபாகத்தையும் குத்தகையையும் பிற்காலத்தில் வாங்கிக்கொண்டார்கள். ஏழைகள் வாடும்போது ஆலயச் சுவர்கள் மின்னுகின்றனவே என்று க்ளூனியாரை நோக்கிக் கடிந்து எழுதினவர் இதே பெர்னார்டுதான். அவருடைய சொந்தச் சபையாரே காலப்போக்கில் அதே படிக்கட்டில் ஏறிப்போனார்கள். 1551-ஆம் ஆண்டில் வூஜோ தோட்டத்தின் நடுவே ஓர் அரண்மனைபோன்ற மாளிகை எழும்பியது. காட்டில் மரக்குடிசையில் தொடங்கினவர்களின் வாரிசுகள் கட்டியது அது.

பிறகு 1789 வந்தது. பிரெஞ்சுப் புரட்சி வெடித்த அந்த ஆண்டு நவம்பர் 2-ஆம் தேதி, திருச்சபையின் சொத்துகள் யாவும் தேசத்தின் வசமாகும் என்று தேசிய சபை தீர்மானித்தது. 1791-இல் க்ளோ த வூஜோ ஏலத்தில் விற்கப்பட்டது. இன்று அந்த ஒரே மதிலுக்குள் ஏறத்தாழ 80 உடைமையாளர்கள் இருக்கிறார்கள். சிலருக்குச் சில வரிசைக் கொடிகளே பங்கு. 1898-இல் சீத்தோவுக்குத் திரும்பிவந்த துறவிகள் பசு வளர்த்துப் பாலாடைக்கட்டி செய்து பிழைத்தார்கள். முன்னோர் கட்டின மதில் அவர்களுக்குச் சில மைல் தொலைவில் அப்படியே நின்றது.

ஏசாயாவின் பாட்டில் வேலியை எடுத்துப்போடுகிறவர் யார் என்பதை நீங்கள் அறிவீர்கள். புரட்சிக்காரர் செய்த கொடுமைகளை நான் நியாயப்படுத்தவில்லை. துறவிகளில் பரிசுத்தர்கள் இருந்தார்கள் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் திருச்சபையின் சொத்து பறிபோனதைப் படிக்கும்போதெல்லாம் "சத்துரு செய்தான்" என்று மட்டும் சொல்லிக் கடந்துபோவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. நல்ல பழத்துக்குக் காத்திருந்தவர் கசப்பான பழத்தைக் கண்டாரோ என்று யாரும் கேட்பதில்லை. மிஷனெரிமார் விட்டுச்சென்ற நிலங்களுக்கும் பள்ளிகளுக்கும் நாமும் மதில் எழுப்பி, அந்த மதிலுக்காகவே நீதிமன்றத்துக்கு நடந்துகொண்டிருக்கிறோம். உள்ளே என்ன விளைகிறது என்று நாம் கேட்கவில்லையானால், கேட்க வேறொருவர் வருவார்.

இனி விலையைப் பற்றி. அந்தச் சரிவின் நடுவில் ரொமானே-கோன்தி என்று ஒரு தோட்டம் உண்டு. மொத்தம் 1.8 ஹெக்டேர், நம் கணக்கில் நாலரை ஏக்கர். அதுவும் ஒருகாலத்தில் மடத்து நிலமே. 2018-ஆம் ஆண்டு நியூயார்க்கில் நடந்த ஏலத்தில் அந்தத் தோட்டத்தின் 1945-ஆம் ஆண்டு ஒயின், ஒரே ஒரு பாட்டில், 5,58,000 டாலருக்கு விலைபோனது. அந்த ஆண்டில் 600 பாட்டில்களே உண்டாயின. அதன்பின் அந்த முதிய கொடிகள் வேரோடு பிடுங்கப்பட்டன. காரணம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து வந்து ஐரோப்பியத் திராட்சை வேர்களை அரித்துத் தின்ற ஒரு சிறு பூச்சி. அதற்கு மருந்தும் அமெரிக்காவிலிருந்தே வந்தது: பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் காட்டுக்கொடியின் வேர்மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டவைத்தார்கள். இன்று பர்கண்டியின் புகழ்பெற்ற கொடிகள் ஏறக்குறைய யாவும் அந்நிய வேரின்மேல் நிற்கின்றன. ஒட்டப்பட்ட கிளை வேரின்மேல் மேன்மைபாராட்ட வேண்டாம் என்று பவுல் ரோமருக்கு எழுதியதை, அந்தப் பாட்டிலின் சீட்டைப் பார்க்கும்போது நினைத்துக்கொண்டேன்.

அவ்வளவு பணம் கொடுத்து வாங்குகிறவர்கள் எதை வாங்குகிறார்கள்? ருசியையா? ரூடி குர்னியாவன் என்பவரின் வழக்கை வாசித்தால் பதில் கிடைக்கும். இந்தோனேசியாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த அவர், வீட்டிலேயே ஒயின்களைக் கலந்து, பழம்பெரும் பர்கண்டிப் பெயர்களை ஒட்டி, செல்வந்தர்களுக்குக் கோடிக்கணக்கில் விற்றார். நாவைப் பழக்கினவர்கள் என்று பேர்பெற்றவர்களே குடித்துப் புகழ்ந்தார்கள். 2008-இல் பர்கண்டித் தோட்டக்காரரான லொரான் பொன்சோ, தம் குடும்பத்தின் க்ளோ சேன்-தெனி ஒயின் என்று 1945 முதலான ஆண்டுகளின் பாட்டில்கள் ஏலத்துக்கு வருவதைப் பார்த்து வியந்தார். அவர் குடும்பம் அந்த ஒயினை உண்டாக்கத் தொடங்கியதே 1982-இல்தான். அவர் விமானமேறிச் சென்று ஏலத்தை நிறுத்தினார். குர்னியாவனுக்கு 2014-இல் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இங்கே கவனியுங்கள்: நாக்கு கண்டுபிடிக்கவில்லை, வீட்டுக் கணக்கு கண்டுபிடித்தது. உயர்ந்த ஒயின் ஒரு கலை என்று வாதிடும் என் இளைய நண்பர்களை நான் மறுக்கவில்லை. ஆயினும் ஒரு விலைக்கு மேலே போனபின், அங்கே நடப்பது கலையும் அல்ல, பானமும் அல்ல; பிறரிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது என்னும் பழைய இச்சைதான்.

பண்பாடு என்றும் சொன்னார்கள். அந்தப் பண்பாட்டின் தேசத்திலேயே மதுபானத்தால் நேரும் மரணங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 41,000 என்று 2015-ஆம் ஆண்டைக் குறித்து அந்நாட்டுப் பொதுச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. மது விளம்பரங்களைக் கட்டுப்படுத்த அவர்கள் 1991-இலேயே சட்டம் இயற்றினார்கள். அவர்கள் தங்கள் ஒயினை நேசிக்கிறார்கள்; அதற்குப் பயப்படவும் அறிந்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் அங்கிருந்து முதற்பாதியை மட்டும் கொண்டுவருகிறார்கள்.

இவ்வளவும் வாசித்தபின், பாட்டிலை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றிருந்தேன். அப்போதுதான் போன் நகரத்தைப் பற்றி வாசித்தேன். (கையில் வைத்துப் பேசும் போன் அல்ல, அது பர்கண்டி ஒயின் வியாபாரத்தின் தலைநகரான ஒரு சிற்றூர்.) நூறாண்டுப் போரின் கடைசிக் காலம். சம்பளம் கிடைக்காத போர்வீரர்கள் கொள்ளைக் கூட்டங்களாகி ஊர்களைச் சூறையாடிய காலம், பஞ்சம் வேறு. பர்கண்டிக் கோமகனான பிலிப்பின் பிரதான மந்திரி நிக்கொலா ரொலான். அவரும் மனைவி கிகோன் த சலானும் 1443-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் தேதி அந்த நகரத்தில் ஏழை நோயாளிகளுக்கென்று ஒரு மருத்துவமனையை நிறுவினார்கள். 1452 சனவரி முதல் தேதி முதல் நோயாளி உள்ளே வந்தார். அன்று தொடங்கி 1971 வரை, ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக, அந்தக் கட்டடத்தில் நோயாளிகள் படுத்திருந்தார்கள். இன்று அது அருங்காட்சியகம். மருத்துவமனை புதிய கட்டடத்துக்குப் போய்விட்டது.

பல வண்ண மெருகோடுகள் வேய்ந்த அதன் கூரையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். என் மனம் நின்றது ஏழைகளின் கூடத்தில். ஏறத்தாழ ஐம்பது மீட்டர் நீளமுள்ள ஒரே மண்டபம். இருபுறமும் வரிசையாகக் கட்டில்கள். ஒரு கட்டிலில் இருவர் படுத்த காலமும் உண்டு. மண்டபத்தின் கோடியில் ஆலயபீடம். எழுந்து நடக்க முடியாதவனும் படுக்கையிலிருந்தே ஆராதனையில் பங்குகொள்ளும்படி கட்டியிருக்கிறார்கள். பீடத்தின்மேல் ரோகீர் வான் டெர் வைடன் வரைந்த நியாயத்தீர்ப்பின் ஓவியம். ஞாயிறும் பண்டிகையும் வரும்போது அதன் கதவுகள் திறக்கப்படும். தராசு பிடித்து நிற்கும் தூதனை, மரிக்கிறவர்கள் படுக்கையிலிருந்து பார்த்தார்கள். அவர்களை மட்டுமா அந்தத் தராசு நிறுத்தது? கட்டினவரையும் நிறுத்தது. அவ்வளவு பேரை ஏழைகளாக்கினவர் அவர்களுக்கு ஒரு மருத்துவமனை கட்டியது நியாயமே என்று ரொலானைக் குறித்துப் பதினோராம் லூயி மன்னர் சொன்னதாக ஒரு பேச்சு வழங்கி வருகிறது. ரொலானின் நோக்கம் சுத்தமானதா என்று நான் ஆராயப் போவதில்லை. நம் ஆலயத்து மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் பெயர் எழுதி வாங்கிக்கொண்டவர்கள் நாம். ஆனாலும் அந்த விசிறி காற்றுக் கொடுக்கத்தான் செய்கிறது.

அந்த மருத்துவமனைக்கு மக்கள் கொடுத்தது என்ன தெரியுமா? திராட்சத்தோட்டங்கள். மரிக்கும் தறுவாயில் ஒருவர் ஒரு துண்டு, ஆறுதல் பெற்ற குடும்பம் ஒரு துண்டு என்று 1457 முதல் சேர்ந்தவை இன்று ஏறத்தாழ 60 ஹெக்டேர். 1859 முதல் பெரும்பாலும் ஆண்டுதோறும் நவம்பர் மூன்றாம் ஞாயிறன்று அந்த ஒயின் பீப்பாய் பீப்பாயாகப் பொது ஏலத்தில் விற்கப்படுகிறது. பீப்பாய் ஒன்றுக்கு 228 லிட்டர். 2022-இல் ஏலத்தொகை 2.8 கோடி யூரோவைத் தாண்டியது. தருமத்துக்கென்று தனியே ஏலமிடப்பட்ட ஒரே பீப்பாய் 8,10,000 யூரோவுக்குப் போனது. வாங்குகிறவர்கள் புகழுக்காக வாங்கலாம். ஆனால் பணம் மருத்துவமனைக்கும் தருமத்துக்கும் போகிறது. மதிலுக்குள் அடைபட்ட வூஜோவைத் துறவிகள் இழந்தார்கள். கட்டிலில் கிடந்தவர்களுக்கென்று கொடுக்கப்பட்ட தோட்டங்களோ அதே புரட்சியையும் கடந்து, இன்றும் அவர்களுக்கே விளைகின்றன. இது கண்டிப்பான சரித்திர விதி என்று நான் வாதிட மாட்டேன். மருத்துவமனை நிலத்தை எடுக்க அரசாங்கங்கள் கூசியதற்கு உலகப்பிரகாரமான காரணங்களும் உண்டு. என்றாலும், ஒரு சபை சொத்து வைத்திருக்கலாமா என்று யாராவது என்னைக் கேட்டால், இனி இந்த இரண்டு தோட்டங்களையும் காட்டுவேன்.

கடைசியாக, குடிக்கலாமா என்ற கேள்வி. நம் தமிழ் வேதாகமத்தில் கானாவூர்க் கலியாணத்திலும் 'திராட்சரசம்' என்றே இருக்கிறது; பரிகசிக்கும் பானத்தைக் குறித்து நீதிமொழிகள் எச்சரிக்குமிடத்திலும் 'திராட்சரசம்' என்றே இருக்கிறது. ஆகையால் கானாவூரில் உண்டானது நொதிக்காத சாறு என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது நேர்மையல்ல. திருவிருந்தில் நொதிக்காத சாற்றைப் பயன்படுத்தும் வழக்கம் பரவியதெல்லாம், 1869-இல் அமெரிக்க மெதடிஸ்டு விசுவாசியும் பல் மருத்துவருமான தாமஸ் வெல்ச் திராட்சைச்சாற்றைச் சூடாக்கி நொதிக்காமல் காக்கும் முறையைக் கையாண்ட பிறகுதான். நம் சபையிலும் உலர்ந்த திராட்சையை ஊறவைத்துக் கொதிக்கவைத்த சாற்றைத்தான் கொடுக்கிறோம். கொடி அசுத்தமானது என்பதற்காக அல்ல. பாத்திரத்துக்காக முழங்காற்படியிட்டு நிற்கிறவர்களில், ஒரு துளி பட்டால் பழைய குழிக்குள் விழுந்துவிடக்கூடிய சகோதரர் இருக்கிறார் என்பதற்காக. சகோதரனுக்கு இடறலானால் மாம்சமே புசிப்பதில்லை என்று பவுல் தீர்மானித்தது மாம்சம் கெட்டது என்பதனால் அல்லவே. பர்கண்டியில் பிறந்த ஒரு விசுவாசி தன் மேசையில் அளவோடு ஒரு கிண்ணம் வைத்துக்கொண்டால் அவனை நான் நியாயந்தீர்க்க மாட்டேன். நான் இந்தத் தெருவில் குடியிருக்கிறேன். இந்தத் தெருவின் முனையில் என்ன கடை இருக்கிறது என்பதும், சம்பள நாளன்று எந்த வீட்டில் அடுப்பு எரியாது என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே நான் தொடமாட்டேன். என் சபையாரும் தொடாதிருக்க வேண்டும் என்பதே என் திடமான அபிப்பிராயம்.

போன வாரம் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். இதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். வூஜோவைவிட மருத்துவமனையைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். ஒரு கட்டிலில் இரண்டு பேரா என்று இரண்டு முறை கேட்டார். பிறகு, "அந்தப் பாட்டிலை என்ன செஞ்சீங்க ஐயா?" என்றார்.

"பீரோவின் அடித்தட்டில் படுக்கவைத்திருக்கிறேன் அம்மா. கார்க்கு காய்ந்துவிடக் கூடாதாம். கிறிஸ்மசுக்குத் தம்பி வரும்போது அவன் கையிலேயே கொடுத்துவிடுவேன்."

"கொட்டிற வேண்டியதுதானே?"

இரண்டு மூன்று செடி, ஓர் ஆண்டு முழுவதும் குனிந்த முதுகு என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் கேட்டுக்கொண்டே எழுந்து, அலமாரியிலிருந்து அந்த விண்ணப்பத்தை எடுத்துவந்து என்முன் விரித்தார். மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து சற்று மங்கியிருந்தது. பேனாவை எடுத்துக் கையொப்பமிட்டேன்.